பூஞ்சைக்குச் சட்டி தெரியாது

நான் நகப்பூச்சு வாங்கப் போனால் கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள். ஐம்பத்தேழு வயதில், நரைத்த கொண்டையோடு, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு டஜன் பாட்டில் கேட்டால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஒரு முறை, "வீட்ல விசேஷமுங்களா?" என்று கேட்டாள். "இல்லைம்மா, இலைக்குப் பூசறதுக்கு" என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

உண்மையிலேயே இலைக்குத்தான். இலை மேல் வாழும் கரும்புள்ளிப் பூஞ்சைகளை ஆராய்கிறவர்களின் பழைய வழி அது. புள்ளியின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சை வைத்து, காய்ந்ததும் மெல்ல உரித்தால், பூஞ்சை தன் நூல், மயிர், வித்து எல்லாவற்றோடும் முழுசாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்படியே கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். கோடி ரூபாய்க் கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் இந்த வேலைக்கு நகப்பூச்சை மிஞ்சிய ஒன்று இன்னும் வரவில்லை.

என் பெயர் குமுதினி. முனைவர் பட்டம் வாங்கிய பாவத்துக்கு எங்கள் அடுக்ககத்தில் எல்லோருக்கும் நான் டாக்டரம்மா. மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் "நான் இலைக்குத்தான் டாக்டர்" என்று சொல்லிச் சலித்துப்போய், இப்போதெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். பலருக்குக் குணமாகிறதாம்.

கோவையில் காற்றைச் சுத்தம் செய்ய, வீட்டுக்கு வீடு சமையலறை ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி கட்டாயம் என்று விதி வந்ததல்லவா, அதற்குப் பிறகுதான் அந்தப் பூஞ்சை என் கண்ணில் பட்டது. எல்லோரும் வைத்தது மணி பிளான்ட். எல்லா இலைகளிலும் கடுகளவு கரும்புள்ளிகள். உலகத்தில் யாரும் அதுவரை பதிவு செய்யாத பூஞ்சை. புதிய பேரினம். அடுக்களையில் பிறந்த குட்டி என்று, குட்டிக்கு உரிய லத்தீன் வாலை ஒட்டி 'அடுக்களையெல்லா' எனப் பெயர் வைத்தேன். வெளிநாட்டு ஆய்விதழ்க்காரர்கள் இன்றுவரை அதை உச்சரிக்கத் திணறுகிறார்கள். நாங்கள் அவர்கள் பெயர்களுக்கு எவ்வளவு திணறியிருப்போம், கொஞ்சம் அவர்களும் திணறட்டும்.

சாதுவான பூஞ்சை அது. செடியைத் தின்னாது. இலைக்குள் ஒரு நூலைக்கூட நுழைக்காது. சின்னச் சின்னப் பற்றுக்கால்களை ஊன்றி மேலாக உட்கார்ந்துகொண்டு, இலையில் படிகிற எண்ணெய்ப் படலத்தைச் சாப்பிட்டுக் காலம் தள்ளும். எந்த எண்ணெயோ அதற்கேற்ற இனம். நல்லெண்ணெய் வீட்டில் வளர்வதன் வித்துக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். தேங்காயெண்ணெய்க்கு இரண்டு. நெய்யில் வளர்வதற்கு மயிரே கிடையாது, சுத்த வழுக்கை. ஆட்டுக்கொழுப்பு என்றால் மயிர்நுனி கவை போலப் பிளந்திருக்கும். ஐந்தாவது இனம் மீன் எண்ணெயில் வளர்வது. அதன் மயிர்நுனி தூண்டில் முள்ளைப் போல வளைந்திருக்கும். முதல் நான்குக்கும் முறையாகப் பெயர் வைத்துவிட்டேன். ஐந்தாவதற்கு வைக்கவில்லை, ஏனென்றால் நல்ல மாதிரி கிடைக்கவில்லை. மீன் சமைக்கிற வீடுகளில் இலை கேட்டால், ஜன்னலையும் செடியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அடுக்களையெல்லாவை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. வகைப்பாட்டில் அதன் எதிரே 'குடும்பம் உறுதியாகவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிக்கொண்டு யாரும் வாடகைக்கு வீடு பிடிக்க முடியாது.

என் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒரு இளைஞர் கூட்டம் 'இலைமானி' என்று ஒரு கருவி செய்தது. கைப்பேசியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் வில்லை, அவ்வளவுதான். இலை மேல் வைத்தால் வீட்டில் என்ன எண்ணெய், எவ்வளவு எண்ணெய் என்று சொல்லிவிடும். இதய நோயாளிகளை எச்சரிக்கத்தான் செய்தோம் என்றார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆறே மாதத்தில் அந்த வில்லையை அதிகமாக வாங்கியவர்கள் இதய நோயாளிகள் அல்ல, அடுக்ககச் சங்கத் தலைவர்கள்.

எங்கள் 'திருவருள்' அடுக்ககத்தின் தலைவர் பாலதண்டபாணி. மில் உதிரிபாக வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். வாசல் பலகையிலேயே 'சைவம் மட்டும்' என்று எழுதியிருக்கும் கட்டடம் இது. நான் சைவமா என்று கேட்காதீர்கள். வீட்டுக்குள் சைவம்.

மாசி மாதம் ஒரு காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கோவைக்காரர்கள் சங்கடமான விஷயத்தைத் தொடங்கும் முன் உங்கள் உடம்பு, உங்கள் அக்கா உடம்பு, அக்கா மாப்பிள்ளையின் உடம்பு எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார்கள். விசாரித்து முடித்தார். காபியையும் குடித்து முடித்தார்.

"மூணாவது மாடில கருவாட்டு வாசம் வருதுன்னு பொங்கலுக்கு அப்புறம் ஒரே புகாருங்க டாக்டரம்மா. அந்தக் காய்ச்சலுக்கப்புறம் என் மூக்கு வேலை செய்யறதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே. மல்லிப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். அதனாலதான் இந்த மெஷினை வாங்கினேனுங்க. வெறும் வாசத்தை வச்சு ஒருத்தரைக் குத்தம் சொல்லக்கூடாது பாருங்க."

அது நியாயமான பேச்சுதான்.

"அந்த மாடி பெனிட்டா அம்மணி வீட்டுச் செடியில வச்சுப் பார்த்தோமுங்க. அஞ்சாம் நம்பர்னு காட்டுதுங்க."

"வேற எந்தெந்த வீட்ல பார்த்தீங்க?"

"வேற எங்கயும் பார்க்கலீங்க."

"ஏங்க?"

"மத்தவங்கெல்லாம் தெரிஞ்சவங்களாச்சேங்க" என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அதில் பெனிட்டாவைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். ஆனால் மெஷின் சொன்னதை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தை வெளியேற்ற அவருக்கு மனம் வரவில்லை. பூஞ்சையைக் கண்டுபிடித்தவளே கண்ணால் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிம்மதி. யாருக்கு நிம்மதி என்று நான் கேட்கவில்லை.

பெனிட்டா மணப்பாட்டுக் கடற்கரைப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கண் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் டெரன்ஸுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மகள் ஜெனிலாவுக்கு ஐந்து வயது, பிறவியிலேயே காது கேளாது. காதுக்குள் கருவி பொருத்தி, அடுத்த தெருவில் இருக்கிற பேச்சுப் பயிற்சி மையத்துக்குத் தினமும் போகிறாள். அந்த மையத்துக்காகத்தான் பெனிட்டா இந்தப் பகுதியில் வீடு தேடி அலைந்தாள். அவள் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பல வீடுகள் அன்று காலையில்தான் வேறு யாருக்கோ பேசி முடிக்கப்பட்டிருந்தன. கடைசியில் என் சிபாரிசில் இங்கே கிடைத்தது. சைவம் மட்டும் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வந்தாள். இதை விட்டால் ஊருக்கு வெளியேதான் போக வேண்டும். பிள்ளையின் பேச்சு பாதியில் நிற்கும்.

நான் நகப்பூச்சுப் பாட்டிலோடு போனபோதே அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டரக்கா, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் பொரிச்சேன். சத்தியமா ஒரே ஒரு நாள்தான். ரெண்டு துண்டு. ஜன்னலச் சாத்தி, சாம்பிராணியப் போட்டுத்தான் பொரிச்சேன்."

"உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. வெளியில போய்ச் சாப்பிட்டிருப்போம்."

"எனக்கு இல்லக்கா, பிள்ளைக்கு. பயிற்சி டீச்சர் என்ன சொல்லுதாங்கன்னா, வெறும் சொல்லைச் சொல்லிக்குடுத்தா மனசுல நிக்காது, அந்தப் பொருளைத் தொடணும், மோந்து பார்க்கணும், ருசிக்கணும்கிறாங்க. ஆப்பிள்னா ஆப்பிளக் கையில குடுக்கணும். அவ அப்பா கப்பல்ல இருந்து போன்ல வரும்போதெல்லாம், ஊருக்கு வந்ததும் கருவாடு பொரிச்சுத் தரணும்பாவ. பிள்ளை அவங்க வாயவே பார்த்துக்கிட்டு இருக்கும். அந்த ஒரு சொல்ல இவ சொல்லிட்டா அவங்க எப்படிச் சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சேன். பொருளைக் காட்டாம சொல்ல எப்படிக்கா சொல்லிக்குடுக்க?"

சொல் பிள்ளைக்கு வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். கட்டடத்துக்கே தெரியும். அதுவரை இரண்டெழுத்துச் சொற்களோடு மல்லாடிக்கொண்டிருந்த ஜெனிலா, ஒரே வாரத்தில் 'கருவாடு' என்பதைக் கணீரென்று சொல்லப் பழகி, லிப்டில், மாடிப்படியில், பால்காரரிடம், சைவக் கட்டடத்தின் நடு முற்றத்தில் எல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெனிட்டா பின்னாலேயே ஓடுவாள். ஆனால் பிள்ளையின் வாயைப் பொத்த மனம் வராது. ஐந்து வருஷம் காத்திருந்து கேட்ட குரல் அது.

இலையில் பூச்சு வைத்து உரித்து எடுத்துக்கொண்டு போய் நுண்ணோக்கியில் வைத்தேன். தூண்டில் முள் வளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. ஐந்தாம் இனமேதான். மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. இரண்டு துண்டு கருவாட்டைப் பொரித்த ஆவியில் இந்தப் பூஞ்சையால் முளைக்கக்கூட முடியாது. இதுவோ கொழுகொழுவென்று, அடுக்கடுக்காக, வாரக்கணக்கில் வயிறார உண்டு வளர்ந்திருந்தது.

திரும்பப் போய்ப் பெனிட்டாவிடம் கேட்டேன். "ஒரு நாள்தானா?"

அவள் என்னையே பார்த்தாள். "நீங்களும் நம்பலியாக்கா?"

"உன்னை நம்பறேன். ஆனா பூஞ்சையும் பொய் சொல்லாது."

"அப்ப ரெண்டு பேருல ஒருத்தரத்தான் நம்ப முடியும். யாரன்னு முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து இனமும் தனித்தனி இனமே அல்ல, ஒரே இனம்தான் பருவத்துக்குத் தக்கபடி மயிரை மாற்றிக்கொள்கிறது என்று நான் ஒரு கட்டுரை எழுதினால் போதும். மெஷின் செல்லாக்காசு. பெனிட்டாவின் வீடு தப்பிக்கும். என் மானம் போகும், அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் அது பொய். அடுக்களையெல்லாவைப் பற்றி உலகத்தில் யாராவது பொய் எழுதுவதாக இருந்தால் அது நானாக இருக்கக்கூடாது.

அதனால் பாலதண்டபாணியிடம் போய், ஒரு இலையை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க எல்லா வீட்டு இலையும் வேண்டும் என்றேன்.

"எல்லா வீடுமுங்களா?"

"உங்க வீடும் சேர்த்துத்தான்."

"தாராளமா எடுத்துக்கோங்க. நம்ம வீட்டுச் செடியைப் பாருங்க, அப்படியே மினுமினுங்கும்" என்றார் பெருமையாக.

இரண்டு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்தார்கள், முட்டி வலி சொன்னார்கள், பெனிட்டாவைப் பற்றித் தணிந்த குரலில் வருத்தப்பட்டார்கள். இரண்டாம் மாடி அம்மாள், "பாவமுங்க அந்தப் பொண்ணு, நல்ல பொண்ணுதான், ஆனா வாசம் தாங்க முடியறதில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் செடிக்கு ஸ்ப்ரே அடித்தார். சொட்டுச் சொட்டாக இலையில் நின்றது. தண்ணீர்தான் என்று நினைத்து நான் கவனிக்கவில்லை.

பிறகு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தேன். இரண்டாம் மாடி அம்மாள் வீட்டில் தூண்டில் முள். செயலாளர் வீட்டில் தூண்டில் முள். பூஜை அறையைத் தாண்டிப் போகவே என்னைக் கால் கழுவச் சொன்ன வீட்டில் தூண்டில் முள். பாலதண்டபாணி வீட்டு இலையில், நான் இத்தனை வருஷம் தேடி அலைந்தும் கிடைக்காத, பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம் போன்ற மாதிரி. அவ்வளவு செழிப்பான ஐந்தாம் இனத்தை நான் பார்த்ததே இல்லை.

என் புத்தி முதலில் எங்கே போனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டடம் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு கருவாடு தின்கிறது என்று நினைத்து, கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் இரண்டாம் மாடி அம்மாள் அடித்த ஸ்ப்ரேயின் சொட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. போய்க் கேட்டேன், பாட்டில் தலைவர் கொடுத்தது என்றார்.

மொட்டை மாடியில் பாலதண்டபாணி தன் தோட்டத்தில் இருந்தார். கத்தரி, கறிவேப்பிலை, அரைக்கீரை என்று எல்லாம் அங்கே விளையும். விளைந்ததை எல்லா வீட்டுக்கும் பங்கு வைத்துக் கொடுப்பார். கையில் ஸ்ப்ரே பாட்டில்.

"என்னங்க அடிக்கறீங்க?"

"இயற்கை மருந்துங்க. பூச்சிமருந்தெல்லாம் நாம தொடறதில்லை. பொங்கலப்ப சந்தையில கேனா வாங்கிட்டு வந்தேனுங்க. வெல்லம் போட்டு ஊற வச்சதுன்னாங்க. தண்ணியில கலந்து இலைக்கு அடிச்சா என்னமா தளதளன்னு வருது பாருங்க. ஆராய்ச்சிச் செடியாச்சேன்னு உங்களை மட்டும் விட்டுட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரு பாட்டில் குடுத்தேனுங்க, ஜன்னல் செடிக்கு அடிக்கச் சொல்லி. பெனிட்டா அம்மணிக்குக் கூடக் குடுத்தேன்."

கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். முதலில் வெல்லப்பாகு. அதற்கு அடியில், மெல்லிசாக, சந்தேகமே இல்லாமல், மீன் மார்க்கெட்.

"வெல்லத்தோட வேற என்ன போட்டு ஊற வச்சாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கலீங்களே."

"மீன் கழிவுங்க. தலை, குடல், செதில். இதுக்குப் பேரு மீன் அமிலம். தோட்டக்காரங்க எல்லாரும் அடிக்கறதுதான். செடிக்கு ரொம்ப நல்லது."

அவர் ஸ்ப்ரே பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்தார். நான் எல்லா வீட்டு இலையிலும் பார்த்ததைச் சொன்னேன். பொங்கலுக்குப் பின் கட்டடத்தில் வந்த வாசம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். கடைசியாக அவர் வீட்டு இலையைப் பற்றியும் சொன்னேன்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "என் சம்சாரம் ஒரு மாசம் நினைவில்லாம கிடந்தாளுங்க. மருதமலையானே, இவளை எழுப்பிக் குடு, ஆயுசுக்கும் கவிச்சி தொடமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். எந்திரிச்சுட்டா. அதுக்கப்புறம் முட்டை போட்ட கேக் கூட நான் தொட்டதில்லீங்க. இந்தக் கீரையைத்தான தினமும் தின்னுட்டிருக்கேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?"

மருதமலை முருகனின் கணக்கு வழக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"இலை மேல தெளிச்சது இலை மேலதாங்க இருக்கும். அந்த எண்ணெயைத் தின்னத்தான் இந்தப் பூஞ்சை வந்து உட்கார்ந்திருக்கு. உங்களுக்கு முன்னாடியே அது சாப்பிட்டுடுச்சு. மிச்சம் மீதி கழுவறதுல போயிருக்கும். உங்க விரதத்தைக் காப்பாத்தினதே இந்தக் கரும்புள்ளிதான்."

கொஞ்சம் தெம்பு வந்தது அவருக்கு. கத்தரிச்செடியின் இலை ஒன்றைப் பிடித்து உற்றுப் பார்த்தார். "இதை வேற ஏதாவது இனம்னு எழுத முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

"சரி. அப்ப அந்த அம்மணி வீட்ல இருந்ததும் இந்த ஸ்ப்ரேனால வந்ததுதானுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அவங்க கருவாடு சமைக்கவே இல்லை?"

தப்பிக்க ஒரு வழி இருந்தது. "பூஞ்சையை வச்சு அதைச் சொல்ல முடியாதுங்க. பூஞ்சைக்கு மீன் தெரியும், சட்டி தெரியாது."

"நான் பூஞ்சையைக் கேக்கலீங்க டாக்டரம்மா. உங்களைக் கேக்கறேன்."

வியாபாரிகளிடம் வார்த்தையை வைத்து விளையாட முடியாது. பயந்துகொண்டேதான் சொன்னேன். ஒரு நாள், இரண்டு துண்டு, டீச்சர் சொன்னது, கப்பலில் இருக்கும் அப்பா, பிள்ளைக்கு வந்த சொல். முழுவதையும் கேட்டார். மாடிச் சுவரின் அந்தப் பக்கம் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

"அந்தப் பாப்பா என்னைப் பார்க்கறப்பெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லுமுங்க" என்றார். "என்னைக் கேலி பண்ணச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பெனிட்டாவின் கதையை நானே முடித்துவிட்டேனோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெனிட்டா கடைசி நாற்காலியில், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. பாலதண்டபாணி எழுந்து எல்லோர் நலத்தையும் பொதுவாக விசாரித்தார்.

"மெஷின் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க. டாக்டரம்மா எல்லா வீட்டு இலையையும் பார்த்துட்டாங்க. எல்லா வீட்லயும் அஞ்சாம் நம்பர் இருக்குதுங்க. என் வீட்லதான் அதிகம்."

பிறகு அவர் மீன் அமிலத்தைப் பற்றிச் சொன்னார். பங்கு வைத்த கீரையைப் பற்றிச் சொன்னபோது இரண்டாம் மாடி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

செயலாளர் சட்டப் புத்தகம் மாதிரி பேசுகிறவர். "அப்ப விதிப்படி எல்லாரும் காலி பண்ணணுமுங்களா?" என்றார்.

"பண்றதா இருந்தா நான்தானுங்க முதல்ல பண்ணணும். அப்புறம் நீங்க. அந்த அம்மணி முறை வர்றதுக்கு ரொம்ப நாளாகுமுங்க" என்றார் பாலதண்டபாணி. "தெரியாம நான் வாரக்கணக்கா பண்ணிட்டேன். அடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல மெஷின் வைக்கற யோக்கியதை எனக்கு இல்லீங்க. இனி இந்தக் கட்டடத்துல யார் செடியையும் யாரும் சோதிக்க வேண்டாம்."

பெனிட்டா ஒரு நாள் பொரித்ததைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "ரெண்டு பேருல யார நம்பினீங்கக்கா?" என்று கேட்டாள். "ரெண்டு பேரையும்தான். கொஞ்சம் லேட் ஆயிடுச்சு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை அவள் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் பாயசம் வந்தது.

எங்கள் கட்டடத்தில் பிரச்சினை தீர்ந்தது. ஊரில் தீரவில்லை. இலைமானிக்காரர்கள், திருவருளில் நடந்தது ஒரு விதிவிலக்கு என்று அறிக்கை விட்டார்கள். மற்ற அடுக்ககங்களில் வில்லைகள் ஜன்னல் ஜன்னலாக ஏறிக்கொண்டுதான் இருந்தன. எத்தனை பெனிட்டாக்கள் பெட்டி கட்டினார்களோ தெரியாது. நான் செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. ஐந்தாம் இனத்துக்கு முறையாகப் பெயர் வைக்க வேண்டும். இப்போது என்னிடம் நல்ல மாதிரி இருந்தது. பாலதண்டபாணியிடம் அனுமதி கேட்கப் போனேன்.

"ஒரு இனத்துக்குப் பேர் வச்சா, அதுக்கு ஆதாரமா ஒரு மாதிரியைக் காப்பகத்துல வைக்கணுங்க. நாளைக்கு உலகத்துல யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க. அது எங்க கிடைச்சதுன்னும் எழுதணும். உங்க வீட்டு இலையைத்தான் வைக்கப்போறேன்."

"என் வீட்டு இலையைத்தானுங்களா?" என்று இழுத்தார்.

"பேரும் உங்க பேருதாங்க. ரொம்பப் பெரிய மரியாதை அது. ராஜாக்கள் பேரையெல்லாம் வச்சிருக்காங்க."

அவர் முகத்தில் பயமும் ஆசையும் மாறி மாறி வந்தன. கடைசியில் ஆசை ஜெயித்தது. அடுக்களையெல்லா பாலதண்டபாணியீ என்று அச்சில் வந்தது. இதழ்க்காரர்கள் இந்த முறை என்னிடம் தொலைபேசியில் உச்சரிப்பே கேட்டுவிட்டார்கள்.

அச்சான பிரதியைக் கொடுத்தேன். நல்ல தாளில் மறுபடி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"டாக்டரம்மா, என் பேத்தியை விட்டு முழுசும் படிக்கச் சொன்னேனுங்க. உணவு, மீன் எண்ணெய்னு போட்டிருக்கீங்க."

"உண்மை அதுதானுங்களே."

"அதுக்குக் கீழே, கிடைத்த இடம்னு ஒரு வரி." அவர் அதை மனப்பாடம் செய்திருந்தார். "'கோயமுத்தூர், முழுச் சைவக் குடும்பம் ஒன்றின் சமையலறை ஜன்னல்.' அப்படித்தானுங்களே?"

"அதுவும் உண்மைதானுங்களே."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து நான் செருப்பைச் சரி செய்வது போலக் குனிந்துகொண்டேன். முழுச் சைவம் என்று மருதமலை முருகன் உட்பட உலகத்துக்கே எழுத்தில் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வரி இன்னொரு வேலையும் செய்தது. மீன் பூஞ்சையின் ஆதார மாதிரியே சைவ வீட்டிலிருந்து வந்தது என்று பதிவாகிவிட்ட பிறகு, அதைக் காட்டி யாரையும் அசைவம் என்று நிரூபிக்க முடியாது. வெளியூரில் ஒரு வாடகை வழக்கில் ஒரு வக்கீல் என் கட்டுரையை நீட்டினாராம். இலைமானிக்காரர்கள் இப்போது மறுபடியும் இதய நோயாளிகளுக்கே விற்கிறார்கள். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து நானும் பாலதண்டபாணியும் ஒன்றாகப் படியேறினோம். லிப்ட் வேலை செய்யவில்லை. கப்பலிலிருந்து டெரன்ஸ் விடுமுறைக்கு வந்திருந்தார். மூன்றாம் மாடிக்கு ஒரு திருப்பம் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தவில்லை, சாம்பிராணியும் போடவில்லை. எண்ணெயில் பொரிகிற கருவாட்டு வாசம் படி முழுக்க நிறைந்திருந்தது. நான் பக்கவாட்டில் அவரைப் பார்த்தேன். அவர் பாட்டுக்குக் கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். மூக்கு வேலை செய்யாத மனிதர், தெரியாமலே தாண்டிவிடுவார் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. ஜெனிலா ஓடி வந்து அவர் முன்னால் நின்றாள். கையில் பொரித்த துண்டு ஒன்று. அதை உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாகச் சொன்னாள்.

"கருவாடு."

உள்ளே பெனிட்டா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பாலதண்டபாணி குனிந்து பிள்ளையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"செடிக்கு மருந்து அடிச்சிருக்காங்களாட்ட இருக்குதுங்க" என்று என்னிடம் சொன்னார். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா வருது கண்ணு. இன்னொருக்கா சொல்லு" என்றார்.